நெரிசலான பினாங்கு துறைமுகத்தில் பாய்மரப் படகைப் பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி?

மாலையில் அமைதியாக நின்ற பாய்மரப் படகு, விடிவதற்குள் பக்கத்துப் படகின் மேல் போய் மோதி நிற்கிறது. கயிறு அறுந்திருக்காது, சங்கிலியும் உடைந்திருக்காது. நங்கூரம் மட்டும் சேற்றைக் கிழித்துக்கொண்டு நகர்ந்திருக்கும். நங்கூரம் பிடிக்கத் தேவையான அளவு சங்கிலியை விட அங்கே இடமே இருந்திருக்காது.

நெரிசலான, காற்றுக்குத் திறந்த துறைமுகங்களில் உள்ள சிக்கலே இதுதான். காற்றைத் தாங்க நீளமான சங்கிலி வேண்டும். பக்கத்துப் படகில் இடிக்காமல் இருக்கக் குட்டையான சங்கிலி வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது.

ஜோர்ஜ்டவுன் கரையில் என்ன சிரமம்?

பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய நீரிணை. மேற்கிலிருந்து வரும் அலையைத் தீவின் மலைகள் ஓரளவு தடுக்கின்றன. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கிய காலம் தொட்டு இது கப்பல்கள் தங்கும் இடம். ஆனால் ஜோர்ஜ்டவுன் தீவின் வடகிழக்கு முனையில் இருப்பதால், வடக்கிலிருந்து வரும் அலைக்கு அங்கே பெரிய தடுப்பு இல்லை.

இதோடு பட்டர்வொர்த் ஃபெரி, ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறைக்கு வரும் பயணக் கப்பல்கள், சரக்குக் கப்பல்கள், மீன்பிடிப் படகுகள் என எல்லாமே இதே நீரில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் கிளப்பும் அலை கரையோரப் படகுகளை ஆட்டும்.

நீரோட்டமும் சும்மா இருக்காது. கடல் ஏறுவதும் வற்றுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அப்போது நங்கூரமிட்ட படகு எதிர்ப்பக்கம் திரும்பும். ஆழமான அடிப்பகுதி கொண்ட பாய்மரப் படகு நீரோட்டத்துக்கு ஏற்பத் திரும்பும். உயரமான இலேசான படகு காற்றுக்கு ஏற்பத் திரும்பும். நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே இருந்தால், பக்கத்தில் நிற்கும் இரண்டு படகுகள் ஒன்றை ஒன்று நோக்கி வரக்கூடும்.

எப்போது கவனம் தேவை?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' எனப்படும் திடீர்ப் புயல்காற்று வீசும். பின்னிரவிலோ விடியற்காலையிலோதான் பெரும்பாலும் வரும். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகளும் உண்டு. காற்றின் வேகம் மூன்று மடங்கானால், படகின் மேல் அதன் விசை ஒன்பது மடங்காகும். மாலைக் காற்றில் நன்றாகப் பிடித்திருந்த நங்கூரம் விடியற்காலையில் கைவிடுவது இதனால்தான்.

சுமத்ரா மட்டும்தான் ஆபத்தா? அப்படியும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 4-இல் பினாங்கைத் தாக்கிய புயல்மழையில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

மெட்மலேசியா வெளியிடும் இடிமழை எச்சரிக்கை அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். மாலையில் பார்த்தால் போதாது. படுக்கப் போகும் முன் மறுபடியும் பாருங்கள்.

எவ்வளவு சங்கிலி விட வேண்டும்?

நங்கூரத்தைப் படுக்கை வாக்கில் இழுத்தால் அது சேற்றில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சங்கிலி நீளமாக இருந்தால்தான் இழுப்பு படுக்கை வாக்கில் இருக்கும்.

கணக்கு இதுதான்: கடல் வற்றியிருக்கும்போது ஆழம் 5 மீட்டர். ஏற்றத்துக்கு 2.5 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து படகின் முனை வரை 1.5 மீட்டர். மொத்தம் 9 மீட்டர். சாதாரண நாளில் இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 45 மீட்டர் சங்கிலி. காற்று பலமாகும் என்றால் ஏழு மடங்கு, அதாவது 63 மீட்டர். சேற்றில் நங்கூரம் கொஞ்ச நேரம் அமிழட்டும். பிறகு இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிப் பிடிப்பைச் சோதியுங்கள்.

இப்போது இடத்தைக் கணக்கிடுங்கள். 63 மீட்டர் சங்கிலியில் நிற்கும் 12 மீட்டர் படகு சுற்றிவர, ஏறக்குறைய 150 மீட்டர் அகல வட்டம் வேண்டும். ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். அந்த இடம் இல்லையென்றால் சங்கிலியைக் குறைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். தஞ்சோங் தோக்கோங்கிலுள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் கீ போன்ற மரினாவில் இடம் கேட்பது ஒரு வழி. இன்னும் தள்ளிப் போய், நெரிசல் குறைந்த பகுதியில் நிற்பது இன்னொரு வழி. வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

கப்பல் பாதையிலும், கடலடிக் குழாய், கேபிள் செல்வதாக வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்திலும் நங்கூரம் போடவே கூடாது. இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பகலில் கறுப்புப் பந்து தொங்க வேண்டும்.

துறையில் கட்டுவதாக இருந்தால்?

• முன்கயிறு, பின்கயிறு மட்டும் போதாது. படகு முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்கக் குறுக்குக் கயிறுகளும் வேண்டும்.
• மிதக்காத துறையில், கடல் ஏறியிருக்கும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். நீர் வற்றியதும் படகு கயிற்றில் தொங்கும்.
• கயிறு உரசும் இடங்களில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றுங்கள். புயலில் கயிறு பெரும்பாலும் உரசித்தான் அறும்.
• ஃபெண்டர்களைப் பக்கத்துப் படகு இருக்கும் பக்கமும் தொங்கவிடுங்கள்.
• இரண்டு பாய்மரப் படகுகள் அருகருகே நின்றால் பாய்மரங்கள் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது. ஆடும்போது உச்சியில் மோதிக்கொள்ளும்.

இழுபடுவது எப்படித் தெரியும்?

கரையில் அசையாத இரண்டு அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுப் பக்கம் கொம்தார் கோபுரம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கி என்று வைக்கலாம். படகு திரும்பும்போது இவை கொஞ்சம் மாறும். தொடர்ந்து ஒரே பக்கமாக மாறிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. கைப்பேசியில் நங்கூர எச்சரிக்கைச் செயலி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

இழுபட்டால் முதலில் உயிர்காப்பு அங்கி, பிறகு இயந்திரம். பின்னால் இடம் இருந்தால் இன்னும் சங்கிலி விடுங்கள். இடம் இல்லையென்றால், இயந்திரத்தை முன்னோக்கி மெதுவாக ஓட்டிச் சங்கிலியின் பளுவைக் குறையுங்கள். அதுவும் போதவில்லையா? சங்கிலியின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டிக் கழற்றிவிட்டு வெளியேறலாம். நங்கூரத்தை மறுநாள் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீங்க: மோதப்போகும் இரண்டு படகுகளுக்கு நடுவே கையையோ காலையோ நீட்டாதீங்க. பல டன் எடையை மனிதக் கை தள்ள முடியாது. ஃபெண்டரை இறக்கிவிட்டு விலகி நில்லுங்க.

உதவிக்கு வி.எச்.எஃப் 16-ஆம் அலைவரிசையில் அழைக்கலாம். கைப்பேசி என்றால் 999.