பிளஸ் டூ முடித்ததும் பட்டாளம்

ஷிம்லாவைச் சேர்ந்த பிரியா ஜிங்கன் சட்டம் படித்தவர். பெண்களையும் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைய தரைப்படைத் தளபதி ஜெனரல் ரோட்ரிக்ஸுக்கே நேராகக் கடிதம் எழுதினார். சேர்க்கத்தான் போகிறோம் என்று பதிலும் வந்தது. 1992 செப்டம்பரில் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு வந்த 25 பெண்களில் அவருக்குப் பதிவெண் 001. அடுத்த மார்ச்சில் அதிகாரியானார். அவர் கேட்டது காலாட்படை; கிடைத்தது ராணுவத்தின் சட்டப் பிரிவு.

பிரிவைப் பெண் தேர்ந்தெடுக்கவில்லை, அரசாணை தேர்ந்தெடுத்தது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, மத்திய அரசு அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேர முடியாது. 1992 ஜனவரி அறிவிப்பு திறந்துவிட்டவை தபால், சட்டம், கல்வி, தளவாடம், உணவு வழங்கல் போன்றவை. அதுவும் ஐந்தாண்டுப் பணிக்கு மட்டும். பொறியாளர், சிக்னல்ஸ் பிரிவுகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கு முன் இருந்தவை மருத்துவமும் செவிலியர் பணியும். 1888-இல் பிரிட்டிஷ் செவிலியர் பத்துப் பேர் பம்பாயில் வந்திறங்கியதிலிருந்து தொடங்குகிறது ராணுவச் செவிலியர் சேவையின் கதை. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களைக் கவனித்த சேவை அது. அதன் பெருமை குறைந்ததல்ல. ஆனால் அதிகாரியாக வேண்டும் என்ற ஆசையோடு பள்ளியை முடிக்கும் பெண்ணுக்கு வெகுகாலம் இருந்த வழி, ராணுவ நர்சிங் படிப்பு அல்லது புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அவ்வளவுதான்.

வயதுக் கணக்கில்தான் பெரிய அநியாயம் ஒளிந்திருந்தது. அதே வகுப்பில் படித்த பையன் பதினாறரை வயதிலேயே தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், டேராடூன் ராணுவ அகாடமியில் ஒரு வருடம்; இருபத்தொன்று, இருபத்திரண்டில் நிரந்தரப் பணியில் லெப்டினென்ட். அந்தப் பெண்ணோ கல்லூரிப் பட்டம் வாங்கிவிட்டு, குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்து, பதினான்கு வருடம் உழைத்துத் தேறும்போது, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, பெரும்பாலான பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கிடைத்தது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி பள்ளி முடித்த பெண்களின் முறை வந்தது. அகாடமித் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்றது அதே நீதிமன்றம். ஏற்பாடுகளுக்கு அவகாசம் வேண்டும், 2022 மே வரை பொறுங்கள் என்றது அரசு. ஒரு தேர்வு தள்ளினாலும் சில பெண்களுக்கு வயது கடந்துவிடும். நீதிமன்றம் ஒப்பவில்லை, நல்லவேளை. 2021 நவம்பர் 14 அன்று பெண்கள் எழுதினார்கள்.

அந்தத் தேர்வுக்கான விண்ணப்பத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை எது முதலில் என்று வரிசைப்படுத்தச் சொல்லும் ஓர் இடம் உண்டு. பையன்கள் தலைமுறை தலைமுறையாக நிரப்பிய இடம் அது. அதற்குள்ளும் கணக்கு இருந்தது: கடற்படையும் விமானப்படையும் வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அந்த முதல் தேர்வில் பெண்களுக்கு ஒதுக்கியது மொத்தம் 19 இடம்: தரைப்படைக்கு 10, விமானப்படைக்கு 6, கடற்படைக்கு 3.

2025 மே 30 அன்று அவர்களில் 17 பேர் கடக்வாஸ்லா அணிவகுப்பில் நடந்தார்கள். போர் விமானம் 2016-லேயே பெண்கள் கைக்கு வந்துவிட்டது. பீரங்கிப் படை 2023-இல் கதவைத் திறந்தது. காலாட்படையும் டாங்கிப் படையும் அந்தப் பதினேழு பேர் தேறி வந்தபோதும் திறக்கவில்லை. பிரியா ஜிங்கன் கேட்டு அப்போது முப்பத்திரண்டு வருடம் கடந்திருந்தது.