சோழவரம் மோட்டார் பந்தயம்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டியுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் 1950-கள் முதல் 1980-களின் இறுதிவரை நடந்த கார், மோட்டார் சைக்கிள் பந்தயம்.

தோற்றம்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த விமானத்தளங்கள் பல நாடுகளில் பந்தயத்தடங்களாயின. உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் கிராண்ட் பிரி 1950-இல் நடந்த சில்வர்ஸ்டோன் அத்தகையது. 1959-இல் பட்டத்தை முடிவுசெய்த பந்தயமும் அமெரிக்காவின் செப்ரிங் விமானத்தளத்தில்தான் நடந்தது. சோழவரமும் இந்த வரிசையில் வருவது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே பந்தயங்களை நடத்தியது.

வளர்ச்சி: இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. பந்தயத்துக்கென்று செய்த கார் கிடைப்பது அரிது. ஃபியட், அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றையே மெக்கானிக்குகள் பிரித்துப் போட்டார்கள்; சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்தும், கார்புரெட்டரை மாற்றியும், உடலின் எடையைக் குறைத்தும் ஓடவிட்டார்கள். வேண்டிய உதிரிபாகம் பெரும்பாலும் லேத் பட்டறையில்தான் பிறந்தது.

இவ்வகைக் கைவேலையின் உச்சம் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் (1954–1995). ஓட்டுநராகவும் வடிவமைப்பாளராகவும் விளங்கிய அவர், 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார் ‘ஃபார்முலா மாருதி’ எனப்பட்டது. வசதி படைத்தவர்களுக்கே எட்டிய விளையாட்டை இளைஞர்கள் பலருக்கு அது திறந்துவிட்டது. அதே பத்தாண்டில் விஜய் மல்லையா ‘என்சைன்’ என்ற ஃபார்முலா 1 காரைச் சோழவரத்தில் ஓட்டினார்.

சோழவரத்தில் வென்றவரையே நாட்டின் முதன்மை ஓட்டுநராக ரசிகர்கள் மதித்தனர். ஆனால் பல சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் வழங்கும் முறையோடு இதை ஒப்பிடலாமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. கல்கத்தா, பெங்களூர் விமானத்தளப் பந்தயங்களும் முதன்மை கோரக்கூடியவையே.

இடமாற்றம்: கிளப் தன் சொந்தத் தடத்தை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைத்தது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

பின்வரலாறு: ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரானார். கரிவரதன் பெயரில் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீடுவே’ உள்ளது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயம் நடைபெற்றது.