கே. பி. சுந்தராம்பாள்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பாலாம்பாளின் மகளாகப் பிறந்த சுந்தராம்பாள், வறுமையின் காரணமாக ரயில் வண்டிகளிற் பாடிப் பொருளீட்டிய சிறுமி. வேலு நாயர் நாடகக் கம்பெனியிற் சேர்ந்து பால பார்ட்டுகளில், அதாவது சிறுவர் வேஷங்களில், தோன்றியபோதே, ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் அவருடைய சாரீரம் ஜனங்களைக் கவர்ந்துவிட்டது.

இலங்கையில் நாடகமாடச் சென்ற இடத்தில் நாடக நடிகர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையேறிய சுந்தராம்பாள், ஏற்கெனவே மணமானவராயிருந்த கிட்டப்பாவை 1927இல் மணந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் தர்க்கம் புரிந்து பாடுவதைக் கேட்கத் திரண்ட கூட்டம் கதைக்காக வந்ததென்று சொல்வதற்கில்லை. அது சங்கீதப் போட்டிக்கு வந்த கூட்டமே. இல்லறத்திலோ மனஸ்தாபங்கள் நேர்ந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதிலேயே கிட்டப்பா காலமானார். அன்றுமுதல் வெள்ளாடை தரித்து, ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லையென்று விரதம் பூண்ட சுந்தராம்பாள், அவ்விரதத்தினின்று இறுதிவரை வழுவவில்லை.

மேடையைத் துறந்து வீட்டோடிருந்தவரைத் தேச சேவைக்கு இழுத்த பெருமை காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியைச் சாரும். காங்கிரஸ் மேடைகளில் சுந்தராம்பாள் பாடிய பாட்டுக்கள், பிரசங்கங்கள் செய்ய இயலாத காரியத்தைச் செய்தன. அவருடைய கொடுமுடி இல்லத்தில் தங்கத் தட்டில் உணவருந்திய காந்தியடிகள், தட்டையும் கேட்டுப் பெற்று ஏலத்தில் விட்டுத் தேச நிதிக்குச் சேர்த்தார் என்பது பிரசித்தம். 1951இல் சுந்தராம்பாள் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார்.

திரைப்படத்துக்கு அழைத்தோரைத் தட்டிக்கழிக்கும் எண்ணத்துடன் அவர் லக்ஷம் ரூபாய் கேட்டாரென்றும், அவர்கள் அதற்கும் இசைந்துவிட்டனரென்றும் சொல்வர். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகத் தோன்றினார். நடிப்பு அத்தனை சோபிக்கவில்லை. பாட்டே படத்தைத் தாங்கிற்று. பின்னர் மணிமேகலை, 1953இல் எஸ். எஸ். வாசனின் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள் எனத் துறவும் முதுமையும் பொருந்திய பாத்திரங்களே அவரை நாடி வந்தன. ஔவையாராக நடித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 45தான். எனினும் தமிழ் மக்கள் அந்த மூதாட்டியை இன்றும் அவருடைய முகத்திலேயே காண்கின்றனர்.

'துணைவன்' படத்திற் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான 1969ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கையும் நிறுவிய அவர், 1980இல் மறைந்தார்.