மலையும் பேரும்

பீதுருதலாகலை 2,524 மீற்றர். கிரிகல்பொத்தை 2,388 மீற்றர். தொட்டுபொலை 2,357 மீற்றர். சிவனொளிபாதம் 2,243 மீற்றர். இலங்கையின் உயர்ந்த மலைகள் பாடநூல்களில் இவ்வளவில் முடிந்துவிடுகின்றன. மாணவர் இவ்வெண்களை மனனம் செய்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். அட்டனிலும் நுவரெலியாவிலும் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் வீட்டில் 'மலை' என்னும் சொல் சிகரத்தைக் குறிப்பதில்லை. 'அம்மா மலைக்குப் போயிருக்கு' என்று பிள்ளை சொன்னால், தாய் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்பதே பொருள். தேயிலை நிறைந்த ஒவ்வொரு நிலத்துண்டும் தோட்டத்தில் இலக்கமிட்ட ஒரு மலைதான். ஒரே சொல் பாடநூலில் உயரத்தையும் லயத்தில் உழைப்பையும் குறிக்கின்றது. இவ்விரு பொருள்களுக்கும் இடையே கிடக்கும் வரலாற்றையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு உலர் வலயம். மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் அவ்வறட்சி மிகக் கடுமையானது. நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொகுதியே தென்மேற்குப் பருவக் காற்றை மறித்து மழையாக்குகின்றது. ஓட்டன் சமவெளியை அண்டிய உயர்நிலங்களில் மகாவலியும் களனியும் வளவையும் தலையெடுக்கின்றன. அவற்றுள் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, வறண்ட நிலங்களைக் கடந்து, திருகோணமலைக் கடலில் கலக்கின்றது. உயர்ந்த மலையும் வறண்ட சமவெளியும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஒன்றின் நீரில் மற்றொன்று வாழ்கின்றது.

நெடுங்காலம் இம்மலைகளுள் வெளியுலகம் அறிந்தது சிவனொளிபாதம் ஒன்றையே. கடலிலிருந்து தெளிவாகத் தோன்றிய அக்கூம்பையே தீவின் மிக உயர்ந்த சிகரமென மாலுமிகள் நம்பினர். 1344ஆம் ஆண்டில் இபுன் பத்தூத்தா அதன் உச்சிக்கு ஏறினார். பௌத்தருக்குப் புத்தர் பாதம், சைவருக்குச் சிவன் பாதம், இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆதமின் நினைவு என அங்கே பல நம்பிக்கைகள் ஒரு பாறையில் தங்கின. எவரும் அந்த மலையைத் தம் சொத்தென உறுதி எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வழக்கம் ஏகாதிபத்தியத்துடன் வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றது. அளவுச் சங்கிலி மலையேறிற்று. புதிய பெயர்களும் ஏறின. வைக்கோற் சமவெளிப் பாறை எனச் சிங்களத்தில் பொருள்படும் பீதுருதலாகலை, துரைமாரின் நாவில் 'பேதுரு மலை' ஆயிற்று. காட்டுச் சமவெளி ஒன்று ஆளுநர் வில்மட் ஓட்டனின் பெயரைத் தாங்கிற்று. பெயரிடுதல் கைப்பற்றுதலின் முதற்படி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்த படி சட்டமாக வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த சிங்கள விவசாயிக்குப் பத்திரம் ஏது? அவனுடைய காடு ஏக்கர் கணக்கில் தோட்டக்காரனுக்கு விற்கப்பட்டது. காடு அழிந்தது, கோப்பி எழுந்தது. மலையில் நிலமிழந்த விவசாயியையும், நிலமே இல்லாது கடல் கடந்து வந்த தொழிலாளியையும் பிற்காலத்தில் எதிரெதிரே நிறுத்தியவர்கள், இருவரின் துயரும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டது என்பதை வசதியாக மறந்துவிட்டனர்.

அத்தொழிலாளி வந்த வழி எது? தமிழகத்தின் பஞ்சம் பட்ட மாவட்டங்களிலிருந்து நடந்து, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, உலர் வலயக் காட்டினூடே நூறு மைலுக்கு மேல் மீண்டும் நடந்து மாத்தளையை அடைந்தான். குடிக்க நீரில்லை, கொள்ளைநோயும் காய்ச்சலும் உடன் நடந்தன. வழியில் வீழ்ந்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு நடுகல் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது நம் இலக்கண மரபு. இம்மக்களோ பாலையைக் கடந்துதான் குறிஞ்சியை அடைந்தனர். அடைந்த குறிஞ்சியும் அவர்களுக்குப் பாலையாகவே இருந்தது.

கோப்பிக் காலத்தில் அவர்கள் அறுவடைக்கு வந்து ஊர் திரும்புவோராயிருந்தனர். 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் சேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் இட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் ஏறிற்று. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆகவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. லயன்கள் நிரந்தரமாயின. ஒரு செடியின் இயல்பு ஒரு மக்கட்கூட்டத்தை ஒரு நாட்டில் வேரூன்றச் செய்தது.

1873இல் தாவரவியல் அறிஞர் யோசெப் ஊக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாதென அறிவுறுத்தினார்; அரசும் அவ்வாறே ஆணையிட்டது. அந்த உயரத்துக்கு மேலும் சில தோட்டங்கள் எழுந்தபோதிலும், ஓட்டன் சமவெளியின் காடு எஞ்சியதற்கு அவ்வாணை ஒரு காரணம். அதனை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் ஒன்றைக் கேளாதிருக்க இயலவில்லை. மரத்தைக் காக்கும் உயரம் எது என்று அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது. மனிதன் எந்த அளவுக்குக் கீழே தாழ்த்தப்படலாகாது என்பதற்கு அதனிடம் ஓர் அளவுகோல் இருந்ததா?

தோட்டத்தில் இன்னொரு சொல் உண்டு: 'பேர்'. ஒரு நாட் கூலி பதிவானால் 'பேர் விழுந்தது' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். உலகச் சந்தையில் நாலாயிரம் அடிக்கு மேல் விளையும் தேயிலைக்கு உயர்நிலத் தேயிலை எனத் தனி மதிப்புண்டு. அதே உயரத்தில், படங்கை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, அட்டைக் கடியுடன் நிற்கும் பெண்ணுக்கு மாலையில் கிடைப்பது முழுப் பேரா, அரைப் பேரா என்பது மடுவத்துத் தராசில் முடிவாகின்றது.

தோட்டத்துப் பேரேட்டில் இருந்த பேர் நாட்டின் ஏட்டில் நிலைக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை அனுப்பிய மக்களை நாடற்றவராக்கிற்று. 1952இல் அவர்களின் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகம் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. சென்றவருட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைச் செடிகளிடையே நின்றனர். 1974ஆம் ஆண்டின் பட்டினிக்கும் 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்கும் பின் வேறு பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கின. பாட்டன் நடந்து வந்த அதே வறண்ட காட்டில் பேரன் கொட்டில் போட்டான்.

மலை கொடுத்தவற்றையும் எண்ணிப் பார்ப்போம். லக்சபானாவிலும் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கிய நீர் தலைநகருக்கு ஒளி தந்தது. அணைகளைச் சூழ்ந்த லயன்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி வடமத்திய வயல்களை நனைத்தது. 1982இல் பீதுருதலாகலையின் உச்சியிலிருந்து தொலைக்காட்சி நாடெங்கும் பரவிற்று. அச்சிகரமோ போர்க்காலத்தில் பொதுமக்கள் ஏற முடியாத பாதுகாப்பு வலயமாயிற்று. நாட்டின் மிக உயர்ந்த இடத்தை நாள்தோறும் அண்ணாந்து பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது.

2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோர் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது, வாக்கு மீண்டது. நிலம் மீளவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவான்? இயற்கை மண்ணைச் சரித்தது; அந்தச் சரிவின் கீழ் மனிதரை நிறுத்தி வைத்தது இயற்கை அன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! 2,524 என்னும் எண்ணை நாம் தொடர்ந்து கற்பிப்போம். அது உண்மையான எண். அதனுடன் 1840ஐயும் 1948ஐயும் சேர்த்துக் கற்பிப்போம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பாதையைப் படத்தில் பிள்ளையின் கையாலேயே வரையச் செய்வோம். வீட்டுக்குச் சென்று, தன் பாட்டி எந்த மலையில் கொழுந்தெடுத்தாள், எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார்கள், எந்தக் காட்டில் சுடுகாடு இருந்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்வோம். நம் வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் லயத்துத் திண்ணையில், வயோதிகர் நினைவில் இருக்கின்றது. அவர்களும் போய்விட்டால் எண்கள் மட்டுமே எஞ்சும்.

இம்மலைகளுக்கு உயரத்தைக் கொடுத்தது புவியியல். அவற்றுக்கு விலையைக் கொடுத்தது உழைப்பு. அந்த உழைப்பின் பேரில் ஒரு துண்டு மண் எழுதப்படும் நாளில்தான் நம் மலைப்பாடம் நிறைவுறும்.