எண்ணூர் முகத்துவாரமும் சிறார் உலாவும்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை, அதாவது உப்புநீரும் நன்னீரும் சேரும் கழிமுகத்தை, ஒட்டியமைந்த மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். சென்னையையும் எண்ணூரையும் இணைத்து 1806-இல் முடிக்கப்பட்டதும், பின்னர் பக்கிங்காம் கால்வாயின் பகுதியானதுமான காக்ரேன் கால்வாய், சரக்குப் படகுகளுக்கு வழியமைத்ததோடு, காற்று வாங்கவும் தூண்டிலிடவும் விரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு எண்ணூரை உல்லாசத் தலமாகவும் ஆக்கியது. குப்பத்துச் சிறாருக்கோ அதே கழி, நீச்சலும் நண்டு பிடிப்பும் பயிலும் அன்றாட ஆடுகளமாக இருந்தது. பூங்கா எதுவும் அதற்கு ஈடாகாது.

1970-இல் அனல்மின் நிலையமும் 2001-இல் துறைமுகமும் இயங்கத் தொடங்கியபின், சாம்பற்கழிவு படிந்து கழி ஆழம் குன்றியது. மீன்வள இழப்பைப் பேசுவோரும் ஆடுகள இழப்பைப் பேசாதது பெருங்குறையே. ஆயினும் விடுமுறை நாட்களில் வடசென்னைக் குடும்பங்கள் எண்ணூர்க் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துவருகின்றன.