கேஷியர் பார்க்கக் கூடாத டாலர்

மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வாசனைக்கு நடுவே வங்கி வேலை பார்ப்பவன் நான். இங்கே டாலர் என்றால் ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு அர்த்தம். பழைய வங்கிக்காரர்களுக்கு வேறு: கறுப்புத் திரையில் வந்து நிற்கும் டாலர் குறி. அது கேஷியர் கண்ணில் படவே கூடாது!

1983-ல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம், 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை. அதன் பிறகுதான் நம் வங்கிக் கிளைகளுக்குள் கம்ப்யூட்டர் வேகமாக நுழைந்தது. பல கிளைகளில் யூனிக்ஸ். அதில் ஒவ்வொரு பயனருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் ஏழு பகுதிகள். ஏழாவதுதான் விஷயம். லாகின் ஆனதும் எந்த புரோகிராம் ஓட வேண்டும் என்று அது சொல்லும். வழக்கமாக அங்கே ஷெல் இருக்கும், அதாவது நாம் தட்டும் கட்டளையை வாங்கிச் செய்து முடிக்கும் புரோகிராம். டாலர் குறி போட்டுக் காத்திருப்பது அதுதான்.

யூனிக்ஸில் ஷெல்லும் சாதாரண புரோகிராம்தான். 1971-ல் கென் தாம்சன் எழுதியது போய், 1979-ல் ஸ்டீபன் போர்ன் எழுதியது வந்தது. 1989-ல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க முடியும் என்றால், ஷெல்லுக்குப் பதில் வரவு-பற்று மெனுவையே வைக்கலாமே? வைத்தார்கள். மெனுவை விட்டு வெளியேறினால் மறுபடி லாகின் திரைதான். டாலர் குறி கிடைத்தவர் லெட்ஜர் கோப்பை நேரடியாகத் தொட வழி உண்டு. இரண்டாவது கையெழுத்து யார் போடுவது?

நெட்வொர்க் வந்ததும் கதை மாறியது. 1985 வாக்கில் சன் நிறுவனம் 'எல்லோ பேஜஸ்' கொண்டுவந்தது. (அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமுக்குச் சொந்தம் என்பதால் பிறகு என்ஐஎஸ் ஆனது.) பயனரின் வரி சர்வருக்குப் போய்விட்டது. நம் மேஜைக் கணினியில் தேடினால் அந்த வரியே இருக்காது. பாஸ்புக்கில் பேனாவால் திருத்தினால் கணக்கில் இருப்பு ஏறுமா? அதேதான். சர்வரில் திருத்தி, அதன் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். எல்டாப் வைத்திருக்கும் அலுவலகங்களிலும் இதே கதைதான்.

இன்னொரு வம்பு. பாஷ் எல்லா இயந்திரத்திலும் ஒரே இடத்தில் இருக்காது. லினக்ஸில் ஓரிடம், ஃப்ரீபிஎஸ்டியில் வேறிடம். சர்வரில் ஒரே வரி எழுதினால் ஒரு கணினி உள்ளே விடும், அடுத்தது கதவைச் சாத்தும். எல்லாவற்றிலும் இருக்கும் பாதையைப் பார்த்து எழுத வேண்டும். பழைய லாகினை மூடாமல், புதிதாக ஒன்று திறந்து சோதித்துவிடுவது நல்லது.

2019-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் பாஷை விட்டு இஸட் ஷெல்லுக்கு மாறியது. புதிய கணக்குகளுக்கு மட்டும்தான். பழைய கணக்குகளில் ஏற்கெனவே எழுதியிருந்ததில் அது கை வைக்கவில்லை. மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு செய்தி மட்டும் காட்டியது. உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய மேக்கில் டெர்மினலைத் திறந்து 'இது என்னப்பா?' என்று கேட்டிருந்தால், விஷயம் அந்த ஏழாவது பகுதிதான் :-)