நூலும் திருகாணியும்: கிளாரினெட் ஊதுவாயின் வரலாறு

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இசைக்கருவிப் பட்டியல்களில் 18, 19ஆம் நூற்றாண்டுக் கிளாரினெட்டுகளைப் பற்றிய பதிவுகளை வாசிப்போர் ஒரு குறிப்பை அடிக்கடி எதிர்கொள்வர்: ஊதுவாய் மூலக் கருவிக்குரியதன்று. குழல் இருக்கிறது, சாவிகள் இருக்கின்றன, செய்தவரின் முத்திரையும் தெளிவாக இருக்கிறது. வாயில் வைத்து ஊதும் பகுதி மட்டும் பிற்காலத்தில் வேறு யாரோ செருகியதாக இருக்கும், அல்லது காணாமற்போயிருக்கும். அதன்மேல் கட்டப்பட்ட ரீட் அரிதாகவே எஞ்சியுள்ளது. கட்டிய நூலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த இழப்பு வரலாற்றெழுத்தின் போக்கையும் தீர்மானித்துவிட்டது. கிளாரினெட்டின் வரலாறு பெரும்பாலும் சாவிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: முதலில் 2 சாவிகள், பிறகு 5, பிறகு 13, அதன்பின் போம் அமைப்பு. உலோகச் சாவி எளிதில் அழிவதில்லை. அதற்குக் காப்புரிமை ஆவணம் உண்டு. எண்ணிக் காட்டுவதும் எளிது. ஆனால் நாதத்தின் குணத்தை முதற்கண் தீர்மானிப்பவை வேறு மூன்று பொருள்கள்: ஊதுவாய், ரீட், ரீடை ஊதுவாயோடு இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சர். இவற்றுள் ஒன்று மாறியபோதெல்லாம் மற்ற இரண்டும் மாற நேர்ந்தது. 'இந்த லிகேச்சர் இந்த ஊதுவாய்க்குப் பொருந்துமா?' என்று இன்றைய மாணவர் கடையில் கேட்கும் கேள்வி, அளவு பற்றிய கேள்வி மட்டுமன்று.

இம்மூன்றும் இயங்கும் முறையைச் சுருக்கமாகப் பார்ப்பது நலம். ஊதுவாயின் ஒரு பக்கம் தட்டையாக அமைந்திருக்கும். அப்பரப்பின் முன்பகுதியில் ஒரு நீள்திறப்பு. ரீட் என்பது நாணற் தண்டிலிருந்து சீவியெடுத்த ஒற்றை இதழ். அதன் தடித்த அடி தட்டைப் பரப்பில் படிய, ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனே கொண்ட நுனி திறப்பின்மேல் அதிரும். ஊதுவாயின் பக்க விளிம்புகள் நுனியை நோக்கி மெல்ல வளைந்து ரீடை விட்டு விலகுகின்றன. நுனியில் அவ்விலகல் 1 மி.மீ. அளவினது. இந்த வளைவின் நீளமும் நுனியிடைவெளியும் சேர்ந்துதான் எவ்வகை ரீட் பேசும், எவ்வகை ரீட் அடைத்துக்கொள்ளும் என்பதை முடிவுசெய்கின்றன. இடைவெளி குறுகினால் கெட்டியான ரீட் வேண்டும், அகன்றால் மென்மையானது. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று எதிர்கொண்டு அதிர்கின்றன; இதழை வேறொரு பரப்பின்மீது அழுத்திப் பிடிக்கும் தேவை அங்கு எழுவதில்லை. ஒற்றை இதழாலான கிளாரினெட்டில் பிடிப்பே முதற் சிக்கல்.

நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷாலுமோ என்னும் சிறு குழலிலிருந்து கிளாரினெட்டை உருவாக்கியதாகக் கூறுவது மரபு. அக்காலத்தில் ரீட் நூலால் சுற்றிக் கட்டப்பட்டது. இன்றைய வாசிப்பாளருக்கு வியப்பளிக்கும் செய்தி அதைவிட வேறொன்று: ரீட் மேலுதட்டின் பக்கம் இருந்தது. அதாவது இன்றைய முறைக்கு ஊதுவாய் தலைகீழாக இருந்தது. ஆய்வாளர்கள் இதை ஓவியங்களிலிருந்தும் பயிற்சி நூல்களிலிருந்தும் மட்டும் அறியவில்லை. செய்தவரின் முத்திரை குழலிலும் ஊதுவாயிலும் பொறிக்கப்பட்டிருக்கும் கருவிகளில், இரு முத்திரைகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்தால் ரீட் எப்பக்கம் அமைய வேண்டுமெனச் செய்தவர் கருதினார் என்பது புலனாகும். ஆயினும் இச்சான்று முழுமையானதன்று. ஊதுவாயைச் செருகிய பின் எப்பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். நூற்கட்டு அதற்குத் தடையாவதில்லை. செய்தவரின் எண்ணம் ஒன்றாகவும் வாசித்தவரின் பழக்கம் வேறாகவும் இருந்திருக்கக் கூடும்.

மொசார்ட் 1791இல் ஆன்டன் ஸ்டாட்லருக்காக எழுதிய கான்செர்ட்டோ இந்த இடைவெளிக்குத் தக்க எடுத்துக்காட்டு. ஸ்டாட்லரின் கருவி கிடைக்கவில்லை, மொசார்ட்டின் கையெழுத்துப் பிரதியும் கிடைக்கவில்லை. 1794இல் ரீகா நகரில் ஸ்டாட்லர் வாசித்த கச்சேரிகளுக்கான நிகழ்ச்சித்தாளில் அக்கருவியின் செதுக்குப்படம் இருப்பது 1990களில் வெளிப்பட்ட பிறகே அதன் வடிவம் தெரியவந்தது. அதைப் பார்த்துக் கருவிகளை மீட்டுருவாக்கி வாசிக்கிறார்கள். குழலின் வளைவையும் அடிக்குமிழையும் அப்படம் காட்டுகிறது. ஊதுவாயின் வளைவையும் ரீடின் தடிமனையும் எந்தச் செதுக்குப்படமும் காட்டாது. 'மொசார்ட் கேட்ட நாதம்' என்று இசைத்தட்டு உறைகளில் அச்சிடப்படும் சொற்றொடரை இந்த வரம்போடு படிப்பதே முறை.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. ஜெர்மானிய நாடுகளில் ரீடைக் கீழுதட்டுப் பக்கம் வைக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பரவலாயிற்று. பாரிஸ் கன்செர்வத்வார் என்னும் இசைக்கல்லூரியிலோ, 1802இல் வெளியான ழான்-சவியே லெஃபெவ்ரின் பயிற்சி நூல் மேற்பக்க ரீடையே விதித்தது. மன்ஹைமில் பிறந்த ஃப்ரெடெரிக் பெர் 1831இல் அங்கு பேராசிரியரான பின்னரே கீழ்ப்பக்க முறை ஏற்கப்பட்டது. நேப்பிள்ஸ் மரபினர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பழைய முறையை விடவில்லை. கீழ்ப்பக்க முறையில் நாக்கு ரீடின் நுனியை நேரே தொடுகிறது. கீழுதடு மெத்தைபோல் ரீடைத் தாங்குகிறது. மேற்பற்கள் ஊதுவாயின் மீது ஊன்றிக்கொள்கின்றன. பாடநூல்கள் க்ளோசேயும் புஃபேயும் புதிய சாவியமைப்பைக் காட்சிக்கு வைத்த 1839ஆம் ஆண்டையே கொண்டாடுகின்றன. 1831 அதற்குக் குறைந்ததன்று. புதிய சாவிகளை விரல்கள் கற்றுக்கொண்டால் போதும். இங்கே உதடும் நாக்கும் பல்லும் தம் பழக்கத்தை முற்றிலும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதற்கு எவரும் காப்புரிமை பெறவில்லை என்பதால் அது விழாவாகவில்லை.

இக்காலகட்டத்தில்தான் உலோக லிகேச்சர் வருகிறது. அது பொதுவாக இவான் முல்லர் பெயரில் வழங்குகிறது. இவர் 13 சாவிக் கிளாரினெட்டை 1812இல் பாரிஸில் முன்வைத்தவர்; கன்செர்வத்வார் குழு அதை நிராகரித்தது வெகுவாகப் பேசப்பட்ட செய்தி. அவர் ஊதுவாய்க்குச் செய்த உதவியோ அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. இரண்டு சிறு திருகாணிகளால் இறுக்கப்படும் உலோகப் பட்டை ரீடை நொடியில் மாற்ற இடமளித்தது. நூலைச் சுற்றி முடிவதற்குப் பொறுமையும் பழகிய கையும் வேண்டும்; திருகாணிக்கு அவை வேண்டா.

ஆனால் நூலுக்கு அளவு கிடையாது. எந்தப் பருமனுள்ள ஊதுவாயையும் எந்த அகலமுள்ள ரீடையும் அது தழுவிக்கொள்ளும். உலோகப் பட்டைக்கு விட்டம் உண்டு. விட்டம் வந்ததும் பொருத்தம், பொருத்தமின்மை என்ற பிரச்சினை பிறக்கிறது. ஊதுவாய் நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும் வடிவினது. ஆகவே பட்டை சற்றுப் பெரிதானால் அடிவரை சரிந்து ரீடின் அடியை மட்டுமே பிடிக்கும், சிறிதானால் மேலேயே நின்று அதிரும் பகுதியை நெரிக்கும். ஊதுவாயின் புறவிட்டத்தை அனைவருக்கும் பொதுவாக வரையறுக்கச் செய்பவர்கள் அன்றும் உடன்படவில்லை, இன்றும் உடன்படவில்லை.

அடுத்த மாற்றம் பொருளில் நேர்ந்தது. மரத்தாலான ஊதுவாய் ஈரத்தில் உப்பி வளைந்துவிடும். மிக நுண்ணிய வளைவே உயிரான இடத்தில் இது பெருங்கேடு. சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த எபோனைட் என்னும் கடின ரப்பர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரத்தின் இடத்தைப் பிடித்தது. வளைவு நிலைத்தது. நிலைத்ததால்தான் அதை அளந்து, எண்ணிட்டு, திரும்பச் செய்து விற்க முடிந்தது. எபோனைட்டுக்கும் தனக்கென ஒரு பொருந்தாமை உண்டு: அதிலுள்ள கந்தகம் வெள்ளி முலாம் பூசிய லிகேச்சரைக் கறுக்கச் செய்யும்.

இவற்றுக்கிடையே ஐரோப்பா இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சு மரபில் ஊதுவாய் அகலமாகவும் வளைவு குட்டையாகவும் இடைவெளி அதிகமாகவும் அமைந்தன. ஜெர்மானிய ஊதுவாய் ஒடுங்கியது, வளைவு நீண்டது, இடைவெளி குறைந்தது. வியன்னாவில் வளைவு இன்னும் நீளம், ரீட் இன்னும் கெட்டி. ஜெர்மானிய ரீடின் அகலம் பிரெஞ்சு ரீடைவிடச் சற்றே குறைவு. அந்தச் 'சற்றே' போதுமானது: பிரெஞ்சு ஊதுவாயில் ஜெர்மானிய ரீடை வைத்தால் பக்க விளிம்புகள் சரிவர மூடாமல் காற்றுக் கசியும், மாற்றி வைத்தால் ரீட் இருபுறமும் துருத்தும். லிகேச்சரும் அவ்வாறே மாறி அமையாது. திருகாணி வந்து இருநூறு ஆண்டுகளாகியும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வாசிப்பாளர் பலர் நூலையே கட்டுகின்றனர். நூல் வழுக்காதிருக்க ஊதுவாயைச் சுற்றி வரிப்பள்ளங்கள் கடைந்திருப்பார்கள். இதைப் பழமைப்பற்று என்று தள்ளிவிட இயலாது. அழுத்தம் ஓரிரு இடங்களில் குவியாமல் ரீடின் அடி முழுவதும் பரவுவதாக அவர்கள் கூறுவது, நூலின் இயல்பை நோக்க நியாயமானதே.

ஜெர்மானிய, பிரெஞ்சு நாத வேறுபாட்டைச் சாவியமைப்பின் மீது ஏற்றிச் சொல்வது வழக்கம். இதற்கு மறுப்பாக ஒரு கருவியே நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டில் ஃப்ரிட்ஸ் வூர்லிட்சர் போன்றோர் செய்த 'சீர்திருத்த போம்' கிளாரினெட்டில் விரலமைப்பு பிரெஞ்சு முறை. குழலின் உட்துளையும் ஊதுவாயும் ஜெர்மானியச் சாயல். நெதர்லாந்தில் அது வேரூன்றியது. அதன் நாதம் ஜெர்மானிய மரபைச் சார்ந்ததாகவே கேட்போரால் கொள்ளப்படுகிறது.

ரீடின் கதையும் தொழில்மயத்தின் கதையே. வாசிப்பவரே நாணலைச் சீவிக்கொண்ட காலம் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. பிரான்சின் தென்பகுதியிலுள்ள வார் வட்டார நாணலே சிறந்ததென மதிக்கப்பட்டது. பாரிஸ் ஓபராவில் கிளாரினெட் வாசித்த யூஜீன் வான் டோரன் 1905இல் தொடங்கிய பட்டறை இன்றைய வான்டோரன் நிறுவனம். அந்நிறுவனத்தின் 5ஆர்வி ஊதுவாயின் நுனியிடைவெளி 1.065 மி.மீ.; பி45 ஊதுவாயினுடையது 1.195 மி.மீ. வேறுபாடு 0.13 மி.மீ., ஏறக்குறைய ஒரு ரீடின் நுனித் தடிமன். ஒன்றில் இசைந்து பேசும் ரீட் மற்றொன்றில் மூச்சை வாங்கிவிடும். ரீட்களுக்கு இடப்படும் 2, 2½, 3 என்ற எண்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிடத்தக்கவை அல்ல.

இந்தியாவுக்குக் கிளாரினெட் ராணுவ பேண்டுகளோடு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மேற்கத்திய பேண்டு ஒன்றைப் பேணினார். சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணையின் இடத்துக்குக் கிளாரினெட்டைக் கொணர்ந்த பெருமையை மரபு மகாதேவ நட்டுவனாருக்கு அளிக்கிறது. பாலசரஸ்வதியின் குழுவிலும் அது ஒலித்தது. வட இந்தியாவில் திருமண ஊர்வல பேண்டுகளில் அது பாட்டைத் தூக்கிச் செல்லும் கருவியாயிற்று. க்ளோசேயின் சாவியமைப்பு உலகெங்கும் வென்ற பின்னும் இங்கே பழைய எளிய அமைப்புக் கிளாரினெட்டுகள் நிலைத்தன. பின்தங்கிய நிலைமை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. சாவிகளின் வரலாற்றை மட்டும் படித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். கமகத்துக்கு வேண்டுவது கூடுதல் சாவியன்று. விரல் மெல்ல உருண்டு திறக்கும் துளையும், உதட்டின் அழுத்தத்துக்கேற்ப ஸ்வரத்தை இழுத்தும் தளர்த்தியும் தரும் ரீடும் ஊதுவாயும். இடைவெளி அகன்ற ஊதுவாயும் இளகிய ரீடும் அந்நெகிழ்வை மிகுதியாகத் தரும். மேற்கத்திய இசைக்குழுவில் குறையாகக் கருதப்படும் அதே நெகிழ்வு இங்கே தேவை.

நாகஸ்வரப் பயிற்சியும் பெற்ற ஏ.கே.சி. நடராஜன், டி.என். ராஜரத்தினம் பிள்ளையால் 'கிளாரினெட் எவரெஸ்ட்' எனப் பட்டம் சூட்டப்பெற்று, 2008ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். அவரைப் பற்றிய எழுத்துகள் ராகங்களையும் கமகங்களையும் விரிவாகப் பேசுகின்றன. ஊதுவாயைப் பற்றிப் பேசுவது இங்கும் இசை விமர்சனத்தின் வழக்கமாக இல்லை.

ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் இழந்ததை இங்கே முழுவதும் இழந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. சின்ன மேளக் குடும்பங்களிலும் பேண்டு வாசித்தோர் இல்லங்களிலும் பழைய ஊதுவாய்கள் பெட்டிக்குள் கிடக்கலாம். குழலை விற்றாலும் தேய்ந்த ஊதுவாயை வாங்குவார் இல்லை. மேற்புறத்துப் பல் தடம் வாசித்தவரின் பழக்கத்தைக் காட்டும். நூல் அரித்த கோடும் பட்டை பதிந்த தழும்பும் வேறுவேறானவை. வளைவை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோடிட்ட ஒரு கண்ணாடித் தகடும் தடிமன் குறித்த சில மெல்லிய உலோகத் தகடுகளும் போதும். பெட்டியைத் துப்புரவு செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது ஊதுவாய்தான்.